மாவுக்கட்டுக்கு ஒரு வாழ்த்து

ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர், வாசல் தெளித்த ஈரத்தில் கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுகிறார். அடுத்த அரை மணி நேரத்தில் நம் தெரு காட்டும் சுறுசுறுப்பை வாயாரப் புகழ வேண்டும். எதிர்வீட்டுப் பையன் ஓடிப்போய் ஆட்டோவை மறிக்கிறான். பக்கத்து வீட்டம்மா ஒரு வார இதழை மடித்து முன்கைக்கு அடியில் கொடுத்து, துண்டைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டிவிடுகிறார். வீங்குவதற்குள் வளையலைக் கழற்று என்று சொல்லக் கூட்டத்தில் ஒருவராவது இருக்கிறார். மகளுக்கு போன் போகிறது, மகனுக்குப் போகிறது, ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்கு முன்பே மருமகன் வந்து நிற்கிறார். யாரும் கூலி கேட்பதில்லை, காரணமும் கேட்பதில்லை.

கட்டுப் போடும் அறைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பது எவ்வளவு தேர்ந்த கைவேலை என்று. என் அத்தையோடு நின்று நான் பார்த்திருக்கிறேன். முறிந்த இடத்திலேயே மரப்பு ஊசி போட்டார்கள். ஒருவர் முழங்கையை மடக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். இன்னொருவர் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் பற்றி நீட்டி இழுத்தபடியே, புறங்கைப் பக்கம் ஏறி நின்ற எலும்பைத் தன் பெருவிரல்களால் அழுத்திக் கீழே இறக்கினார். மணிக்கட்டின் கோணல் கண்ணெதிரே நேரானது. பிறகு பஞ்சுச் சுற்று. வாளித் தண்ணீரில் மாவுத்துணி, குமிழி அடங்கும்வரை. லேசாகப் பிழிந்து, சுருக்கம் விழாமல் சுற்றி, உள்ளங்கையால் தடவித் தடவி மெழுகினார். விரல்நுனி பட்டால் பள்ளம் விழுந்து உள்ளே தோலில் குத்தும் என்பதால் உள்ளங்கை மட்டுமே. “சுடுதுப்பா” என்றார் அத்தை. “மாவு இறுகுதும்மா, அஞ்சு நிமிஷத்துல ஆறிடும்” என்றார் கட்டுப் போட்ட அண்ணன். ஆறியது.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இருநூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறியும் விதத்தை 1814இல் எழுதி வைத்தவர் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். கண்ணும் விரலும் மட்டுமே கருவியாக இருந்த காலத்தில் அவர் எழுதியது இன்றும் செல்லுபடியாகிறது. அந்த முறிவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. துணியில் மாவைத் தேய்த்து நனைத்துச் சுற்றும் முறையை 1852இல் உலகுக்குச் சொன்னவர் டச்சுப் படை மருத்துவர் அன்டோனியஸ் மாத்தைசன். இவர்கள் இருவரும் இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் வந்து நின்றால், தங்கள் வேலை எவ்வளவு செம்மையாக நடக்கிறது என்று மகிழ்வார்கள்.

ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒடிந்ததைச் சேர்ப்பதில் நாம் இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டதால்தான், அது ஏன் ஒடிந்தது என்று கேட்கும் அவசியமே நமக்கு ஏற்படாமல் போயிற்று.

கேஸ் ஷீட்டில் காரணம் எழுத ஒரு வரி உண்டு. அந்த வரியை நாம் காலியாக விடுவதில்லை. ‘வழுக்கி விழுந்தார்’ என்று தெளிவாக எழுதுகிறோம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்: தரை. வீட்டில் உள்ளவர்கள் அன்று மாலையே செயலில் இறங்குகிறார்கள். குளியலறையில் ரப்பர் மேட் வருகிறது, சுவரில் கைப்பிடி வருகிறது, வாசல் தெளிக்கும் வேலை வேறொருவருக்குப் போகிறது. எல்லாம் செய்ய வேண்டியவை, செய்தவர்களைப் பாராட்டுகிறேன். அதே வாரம் அதே ஈரத்தில் பேரனும் விழுகிறான். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு பந்தின் பின்னால் ஓடுகிறான். ஒரே தரை இருவரை வேறு வேறாக நடத்தியது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், மருத்துவம் அதைத் தரையின் கணக்கில் எழுதுவதில்லை, எலும்பின் கணக்கில் எழுதுகிறது. பாடநூலில் இருப்பது இது. நாம்தான் தரையின் மேல் பழியைப் போட்டு எலும்பின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மணிக்கட்டின் அருகே ஆரை எலும்பு மெல்லிய ஓடு மட்டும்தான். உள்ளே முழுக்க நுண்ணிய தூண்களும் குறுக்குத் தூண்களும் பின்னிய வலை. மூங்கில் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுமூங்கில் பாரத்தைத் தாங்குகிறது. அது வளையாமல் பிடித்து நிறுத்துவது குறுக்கே கட்டிய மூங்கிலும் அந்தக் கட்டும்தான். நடுவில் இருக்கும் ஒரு குறுக்கு மூங்கிலை உருவிவிட்டால் நெடுமூங்கிலின் பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பாகிறது. நீளம் இரட்டித்தால் வளையாமல் தாங்கும் சக்தி பாதி ஆவதில்லை, கால் பங்காகிறது. பொறியியல் கணக்கு இது, எலும்புக்கும் பொருந்தும்.

உடம்பு எலும்பை ஓயாமல் பிரித்துக் கட்டுகிறது. ஒரு வகை அணுக்கள் பழையதைக் கரைத்துக் குழி பறிக்கின்றன, இன்னொரு வகை அந்தக் குழியை நிரப்புகின்றன. ஆண்டுக்கு எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. மாதவிலக்கு நின்றதும் பெண்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பறிப்பவர் கை ஓங்கி, நிரப்புபவர் பின்தங்குகிறார். முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகம். மெலிந்த தூணை மறுபடி தடிக்க வைக்கலாம். அறுந்துபோன தூணை எந்த மருந்தாலும் பழையபடி இணைக்க முடியாது. நேரம் இங்கே அவ்வளவு முக்கியம். நாமோ நிதானத்துக்குப் பேர்போனவர்கள்.

எங்காவது ஒருவர் முனைந்து எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துவிட்டால், அந்த அறிக்கையை நாம் மதிக்கும் விதம் தனி. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டது. அத்தைக்கு மைனஸ் 1.9 என்று வந்தால் வீட்டில் நிம்மதி. “நல்லாத்தான் இருக்காம், பயப்பட ஒண்ணுமில்லையாம்.” கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறோம். அந்தக் கருவி அளப்பது மூங்கிலின் எடையை. குறுக்கு மூங்கில் எங்கே உருவப்பட்டது, கட்டு எங்கே நைந்தது என்று அதற்குத் தெரியாது. எளிதில் எலும்பு முறிந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரின் எண் அந்த 2.5 கோட்டைத் தாண்டுவதே இல்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. அடர்த்தி ஒன்று, தரம் வேறு. தூண்களின் அமைப்பு, உள்ளிருக்கும் கொலாஜன் இழையின் வலு, நுண்விரிசல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் தரம். அதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் மிக உறுதியான சாட்சி, சின்ன விழுகைக்கே எலும்பு முறிந்தது என்ற உண்மைதான். எந்த ஸ்கேனும் தராத அறிக்கையை மணிக்கட்டு தந்துவிட்டது. நாம் அதை மாவு பூசி மூடிவிட்டோம்.

சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடர்த்தி எண் பெரும்பாலும் நன்றாகவே வரும், சில சமயம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவும் வரும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் கூடுதலாக ஓடும் சர்க்கரை கொலாஜன் இழையில் ஒட்டிக்கொண்டு, வளைந்து கொடுக்க வேண்டியதை விறைத்துப்போக வைக்கிறது. எலும்பு கனமாகவும் இருக்கும், பட்டென்று முறியவும் செய்யும். அதோடு பாதத்தின் மரமரப்பு, பார்வை மங்கல், இரவில் சர்க்கரை தாழ்ந்து வரும் தலைசுற்றல் எல்லாம் விழவும் வைக்கும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அவர்களின் கண்ணைப் பார்க்கிறோம், சிறுநீரகத்தைப் பார்க்கிறோம், பாதத்தைப் பார்க்கிறோம். எலும்புக்கு மட்டும் நாம் கொடுத்திருக்கும் சுதந்திரம் பெரிது.

மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள், தாய்க்கு இடுப்பு ஒடிந்த வரலாறு உள்ளவர்கள் எல்லாருமே இந்த வரிசையில் முன்னால் நிற்பவர்கள். கட்டுப் போடும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டு அவர்களின் பழைய கதையைக் கிளறாத நாகரிகம் நம் ஆஸ்பத்திரிகளுக்கு உண்டு. ஆண்களிடம் இந்த நாகரிகம் இன்னும் அதிகம். அறுபது வயது ஆண் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தால் எலும்புப்புரை என்ற பேச்சே எழுவதில்லை, அது பெண்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். இடுப்பு எலும்பு ஒடிந்த பிறகு இறந்துபோகும் விகிதம் ஆண்களிடம்தான் கூடுதல்.

“வயசானா அப்படித்தான்.” இந்த இரண்டு சொல்லுக்கு இருக்கும் ஆறுதல் சக்தியை நான் மறுக்கவில்லை. வலியில் இருப்பவருக்கு அது தைரியம் சொல்கிறது, சொல்பவருக்கும் வேலையை முடித்து வைக்கிறது. ஆனால் ஐம்பத்தைந்து என்ன வயது? இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது. அந்த முப்பது ஆண்டின் முன்னறிவிப்பாகத்தான் மணிக்கட்டு முறிகிறது. காரணமும் எளிது. ஐம்பதுகளில் இருப்பவர் விறுவிறுவென்று நடக்கிறார், தடுமாறினால் கை மின்னலாக முன்னால் போகிறது. இடுப்பையும் தலையையும் காப்பாற்றிவிட்டு அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. புகழ வேண்டுமானால் அந்தக் கையைப் புகழ வேண்டும். எழுபத்தைந்தில் நடை தளர்கிறது, கை முன்னே வரப் பிந்துகிறது, பக்கவாட்டில் சரிந்து இடுப்பு எலும்பின் மேலேயே விழுகிறார். மணிக்கட்டு முறிவு ஐம்பதுகளில் ஏறி, அறுபதுகளின் நடுவில் சமநிலைக்கு வருவதற்கும், இடுப்பு முறிவு அதன் பிறகு செங்குத்தாக ஏறுவதற்கும் இதுவே பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் ஆபத்து இன்னும் நெருக்கம். இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். பிழைப்பவர்களில் பலர் முன்புபோல் தனியாக நடமாடுவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு முன்னதாகவே எச்சரிக்கை விடும் நோய்கள் உலகத்தில் அதிகம் இல்லை. எச்சரிக்கை வந்ததும் நாம் அதைக் குணப்படுத்தி அனுப்பிவிடுகிறோம்.

வசதி உள்ளவர்களின் கவனிப்பு இன்னும் உயர்ந்தது. மாவுக்கட்டு வேண்டாம், பிளேட் வைத்துவிடுவோம் என்று முடிவாகிறது. அறுவைக்குப் பின் வரும் எக்ஸ்ரே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: எலும்பு துல்லியமாக, திருகாணிகள் வரிசையாக. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 73 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பிளேட்டும் மறு பிரிவுக்கு வெறும் கட்டும் போட்டுப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. எக்ஸ்ரேயில் பிளேட் வைத்தவர்களின் எலும்பே அழகாக இருந்தது. ஓராண்டு கழித்துக் கையை அசைப்பதிலும் அன்றாட வேலை செய்வதிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை தேவைப்படும் முறிவுகள் இருக்கின்றன, திறந்த காயமும் மூட்டுக்குள் சிதறிய எலும்பும் வந்தால் பிளேட் வேண்டியதுதான். நான் வியப்பது வேறொன்றை. கைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து உலோகம் வைக்கத் துணிந்த குடும்பத்திடம், மீதமுள்ள இருநூறு எலும்புகளுக்கும் சேர்த்து ஒரு ரத்தப் பரிசோதனை பார்க்கலாமா என்று யாரும் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை.

மாத்திரையே தருவதில்லை என்று சொன்னால் அநியாயம். கால்சியம் தருகிறோம். பெரிய, வெள்ளையான, விழுங்கச் சிரமமான மாத்திரை, இரவில் ஒன்று, முப்பது நாள். வீட்டில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சேர்கின்றன, நல்லதுதான். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசி பக்கத்தில் வர முடியாது. வெயில் கொளுத்தும் நாட்டில் வைட்டமின் டி குறைவு பரவலாக இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எந்த எலும்பு மருந்தும் நன்றாக வேலை செய்யாது. ஆகக் கால்சியமும் டியும் அடித்தளம். ஆனால் அடித்தளம் போட்டதோடு வீடு கட்டி முடிந்தது என்று பால் காய்ச்சிவிட்டோம். பிரிட்டனில் எழுபது வயது கடந்த, ஏற்கெனவே ஒருமுறை எளிதில் எலும்பு முறிந்த 5,292 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. கால்சியம் தனியாக, வைட்டமின் டி தனியாக, இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என்று நான்கு பிரிவு. அடுத்த முறிவைத் தடுப்பதில் நான்குக்கும் வேறுபாடு இல்லை.

தடுக்கும் மருந்து இல்லையா? 1996இல் வெளிவந்த ஆய்வில், முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்த 2,027 பெண்களிடம் அலெண்ட்ரோனேட் மாத்திரை இடுப்பு முறிவையும் மணிக்கட்டு முறிவையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2007இல் வந்த இன்னொரு ஆய்வில், இடுப்பு முறிவுக்கு அறுவை முடிந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் செலுத்திய சோலெட்ரோனிக் அமிலம், புதிய முறிவுகளை 35 சதவீதமும் இறப்பை 28 சதவீதமும் குறைத்தது. வாரம் ஒரு மாத்திரை, அல்லது ஆண்டுக்கு ஒரு பாட்டில். சாதாரண மெடிக்கல் கடையில் சீட்டைக் காட்டினால் அந்த மாத்திரை கிடைக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் காபி குடிக்காமல், படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரக் காபித் தியாகம் நம் வீடுகளில் சின்ன விஷயமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தாடை எலும்பு பாதிப்பு, தொடை எலும்பில் அரிய வகை முறிவு என்று பக்கவிளைவுகள் உண்டு. அரிதானவை, மருத்துவர் கேட்டறிந்து, பல்லைப் பார்த்து, சிறுநீரகத்தைச் சோதித்துத் தரக்கூடியவை. இதைப் பேசி முடிவெடுப்பதற்கு முதலில் மருந்தின் பெயர் அறைக்குள் உச்சரிக்கப்பட வேண்டும். உலகம் முழுவதுமே இப்படி முறிந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அடுத்த முறிவைத் தடுக்கும் பரிசோதனையோ மருந்தோ கிடைப்பதில்லை என்று சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளை திரும்பத் திரும்பச் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நாம் வளர்ந்த நாடுகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

வீட்டுக்கு வருவோம். நம் குடும்பங்களின் பாசத்தைப் போல ஒன்று கிடையாது. “அத்தே, நீங்க ஒண்ணும் தொடாதீங்க, அப்படியே உக்காருங்க.” நாற்காலி வருகிறது, தலையணை வருகிறது, ரிமோட் வருகிறது. சாதத்தைப் பிசைந்து ஊட்டுகிறார் மருமகள். பேத்தி தலை வாரிப் பின்னிவிடுகிறாள். பார்க்கவே மனம் நிறையும். கட்டு உள்ளங்கை ரேகைக்குக் கீழே நின்றிருந்தால் விரல்கள் முழுசாக மடங்கும். அவற்றை மணிக்கு ஒருமுறை நீட்டி மடக்க வேண்டும், முழங்கையையும் தோளையும் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும் என்று சீட்டின் மூலையில் எழுதியிருக்கும். பாசம் மிகுந்த வீட்டில் அந்த மூலை படிக்கப்படுவதில்லை. கட்டுப் பிரித்த அன்று விரல்கள் கொக்கியாக நிற்கின்றன, தோள் பாதிக்கு மேல் ஏறவில்லை, ஜாக்கெட்டின் கொக்கியைப் போட முடியவில்லை. சிலருக்குக் கை வீங்கிப் பளபளத்து, காற்றுப் பட்டாலே எரிகிற வலி மாதக்கணக்கில் நிற்கிறது. அதைவிட அமைதியாக நடப்பது ஒன்று உண்டு: உட்கார்ந்தே இருந்த அந்த ஆறு வாரத்தில் தொடைத் தசை மெலிகிறது. எழுந்து நடக்கும்போது கால் முன்னைவிடத் தள்ளாடுகிறது. அடுத்த விழுகைக்கு வேண்டியதைப் பாசம் தயார் செய்து வைத்துவிட்டது. கட்டுப் போட்டது கைக்குத்தான். கால் நன்றாக இருக்கிறது. அத்தை காலையும் மாலையும் தெருவைச் சுற்றி வரலாம், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம், பேத்தியோடு சேர்ந்து ஒற்றைக் கையால் கீரை ஆயலாம்.

கட்டுப் பிரிக்கும் அறுவை இயந்திரத்தின் சத்தத்துக்குப் பயப்படாதவர்கள் இல்லை. அதன் பல் சுழலாமல் அதிர மட்டுமே செய்வதால் மாவு அறுபடும், தோல் அறுபடாது. உள்ளேயிருந்து செதில் செதிலாக உரியும் தோலும் இளைத்த மணிக்கட்டும் வெளியே வருகின்றன. “தேங்காய் எண்ணெய் தடவுங்க. எலும்பு கூடிருச்சு, இனிமே வர வேண்டாம்.” ஆஸ்பத்திரியில் ஒருவர் கேட்க விரும்பும் மிக இனிமையான வாக்கியம் அதுதான். குடும்பமே கையெடுத்துக் கும்பிட்டு விடைபெறுகிறது. ஆறு வாரம் தொடர்ந்து வந்துபோன ஒரு மனுஷி, எலும்பைப் பற்றி மட்டுமே பேச வந்தவர், எலும்பைப் பற்றிப் பேசாமலே வீடு திரும்புகிறார்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1999 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. பெரிய கட்டடமோ புதுக் கருவியோ இல்லை. எலும்பு முறிந்து வரும் ஐம்பது வயது கடந்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடிப்பதே ஒரு செவிலியரின் பொறுப்பு. கட்டுப் போட்டவர் கட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். இந்தச் செவிலியர் பட்டியலை எடுத்து, பரிசோதனைக்கு வரச் சொல்லி, தேவைப்பட்டவருக்கு மருந்து தொடங்க வைத்து, சாப்பிடுகிறாரா என்று பின்தொடர்கிறார். எலும்பு மருத்துவர் ஒரு பிரிவு, உடல் மருத்துவர் ஒரு பிரிவு, நடுவில் நோயாளி காணாமல் போகும் இடைவெளியில் ஓர் ஆள் நிற்கிறார். பல நாடுகள் இதைப் பின்பற்றின.

நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சைக்கும் வீடு தேடி ஆள் வருகிறார். எந்த மாநிலமும் பெருமையோடு பார்க்க வேண்டிய வேலை அது, முழு மனதோடு சொல்கிறேன். தன்னார்வலர் அக்கா பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, அத்தையின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறார். மணிக்கட்டில் லேசான கோணல் இன்னும் தெரிகிறது. பட்டை சுற்றும் கை அதைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

அந்த நிமிடத்தில் கேட்க ஒரு கேள்வி போதும்: “அம்பது வயசுக்கு அப்புறம் எங்கயாவது எலும்பு ஒடிஞ்சுதாம்மா?” ஆமாம் என்று பதில் வந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஒரு குறிப்பு. ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின், தைராய்டு பார்க்கலாம். உயரம் குறைந்திருக்கிறதா, முதுகு கூன் விழுந்திருக்கிறதா என்று சுவரோரம் நிறுத்திப் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் முதுகுக்கு ஓர் எக்ஸ்ரே. ஸ்டீராய்டு, சினைப்பை, அம்மாவின் இடுப்பு என்று மூன்று கேள்வி. மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் வசதி இருந்தால் இடுப்புக்கும் முதுகுக்கும் எடுத்து, எண் எப்படி வந்தாலும் முறிந்த மணிக்கட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பிறகு வாரம் ஒரு மாத்திரையா, ஆண்டுக்கு ஒரு பாட்டிலா என்று அத்தையிடமே கேட்டு முடிவு செய்யலாம். காபி விஷயத்தில் கறாரானவர் என்றால் பாட்டில்தான்.